ஒரே பெயரில் இரண்டு டிஸ்க்

செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டரில் ஏற்றிய கூலிக் கணக்கு புதன்கிழமை காலையில் காணோம். வியாழக்கிழமை காலையில் அது திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது, ஆனால் புதன்கிழமை எழுதியது போய்விட்டிருந்தது. ஏற்காட்டிலிருந்து, மாமாவின் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற ரைட்டர் அண்ணன் போன் செய்து இதைச் சொன்னபோது நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்து அன்றைய வெள்ளி எடையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "தம்பி, நீங்க புதுசா மாட்டிக் கொடுத்ததுல ஏதோ இருக்கு. ஒரு நாள் சுறுசுறுப்பா வருது, ஒரு நாள் தூங்கி வழியுது" என்றார். "சேவ் பண்ணாம ஆஃப் பண்ணியிருப்பீங்கண்ணே" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. கோளாறு என்ன என்பதை அவர் அந்த ஒரு வரியிலேயே சொல்லிவிட்டார், எனக்குத்தான் காதில் ஏறவில்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். நாகலூர் போகிற வழியில் மாமாவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி. அங்கே ஆபீஸ் என்று சொல்கிற ஒரே அறையில் ஒரு கம்ப்யூட்டர். 2014இல் நான்தான் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன், நடுவில் ஒரு முறை முழுதாக மாற்றி நிறுவினேன், மற்றபடி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று. அதில் செக்ரோல், அதாவது யார் எத்தனை நாள் வந்தார்கள், எத்தனை கிலோ பழம் பறித்தார்கள் என்ற கணக்கு, மிளகு எடை, தினமும் காலையில் மாமா மழைமானியைப் பார்த்துக் குறித்த மழை அளவு, அத்தையின் கோயில் போட்டோக்கள், யார் யாரோ கொண்டுவந்து ஏற்றிய கல்யாண வீடியோக்கள். மழை அளவுதான் மாமாவுக்கு உயிர். மார்ச், ஏப்ரலில் எந்தத் தேதியில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்பதைப் பார்த்துத்தான் பூவுக்குத் தண்ணீர் விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

பறிப்பு சீசன் உச்சத்தில் இருக்கும்போது பெட்டி நடு நடுவே உறைந்துபோக ஆரம்பித்தது. மவுஸ் நகரும், எதுவும் திறக்காது, அரை நிமிடம் கழித்து எல்லாம் சேர்ந்து திறக்கும். உள்ளேயிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம். எத்தனை நாளாக என்று கேட்டேன். "ஒரு மாசமா இருக்கும் மாப்ள, பல்லி கத்துதுன்னு நெனச்சோம்" என்றார் மாமா.

சரி, டிஸ்கை மாற்றிவிடலாம் என்று ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் போய் 500 ஜிபி எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க், கேட்டேன். 480தான் இருக்கிறது, எல்லாம் ஒன்றுதான் என்றார்கள், நானும் ஒன்றுதான் என்று வாங்கிக்கொண்டேன். ஒன்றில்லை. 500 ஜிபி என்று விற்கிற ஹார்ட் டிஸ்கில் பொதுவாக 5,00,10,78,62,016 பைட் இருக்கும், 480 ஜிபி எஸ்எஸ்டியில் 4,80,10,39,81,056. வித்தியாசம் சுமார் 2000 கோடி பைட், அதாவது 20 ஜிபி. உள்ளே உண்மையில் இருப்பது 118 ஜிபிதானே, 20 குறைந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் டிஸ்கை அப்படியே நகலெடுக்கிற கருவிக்குக் காலி இடம், நிரம்பிய இடம் என்ற பேதம் கிடையாது. அது முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை எண்ணிக்கொண்டே போகும், இடம் தீர்ந்தால் நின்றுவிடும். 512 ஜிபி வாங்கியிருந்தால் இந்தப் பாடு பாதி குறைந்திருக்கும். கடைக்குப் போகும் முன் பழைய டிஸ்கின் அளவைப் பைட்டில் எழுதிக்கொண்டு போங்கள். டிஸ்குகளைப் பட்டியல் போடுகிற எல்எஸ்பிஎல்கே கமாண்டுக்கு மைனஸ் பி கொடுத்தால் பைட்டிலேயே காட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பைக்கில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், லைவ் பென்டிரைவில், அதாவது டிஸ்கைத் தொடாமல் தன்னிலிருந்தே லினக்ஸை ஓட்டுகிற பென்டிரைவில், பூட் செய்து, எஸ்எஸ்டியை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, டிஸ்கை அப்படியே நகலெடுக்கிற டிடி கமாண்டைப் போட்டேன். இதில் ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன். டிடி போடுகிற அத்தனை பேருக்கும் உள்ள பயம், எது பழசு எது புதுசு என்று மாறிப்போய் வெறும் டிஸ்கை எடுத்து நிறைந்த டிஸ்கின் மேல் எழுதிவிடுவோமோ என்பது. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பக் கூடாது, பென்டிரைவ் இருந்தால் ஒரு வரிசை, எடுத்தால் ஒரு வரிசை, மறுபடி பூட் செய்தால் இன்னொரு வரிசை. அதனால் எல்எஸ்பிஎல்கேயில் மாடல், சீரியல் நம்பர் இரண்டையும் காட்டச் சொல்லி, சீரியலின் கடைசி நான்கு எழுத்தை மாஸ்கிங் டேப்பில் எழுதி அந்தந்த டிஸ்க் மேலேயே ஒட்டிவிடுவேன். பழசுக்கு 'இதிலிருந்து', புதுசுக்கு 'இதற்கு'. டிடியில் ஐஎஃப் என்பது 'இதிலிருந்து', ஓஎஃப் என்பது 'இதற்கு'. என்டர் தட்டும் முன் திரையையும் டேப்பையும் வாய்விட்டுப் படிப்பேன், பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். டிடி உறுதியா என்றெல்லாம் கேட்காது, சொன்னதைச் செய்துவிடும்.

அந்தப் பெட்டியில் யுஎஸ்பி 2தான், வினாடிக்கு 33 எம்பிக்கு மேல் போகவில்லை. ஸ்டேட்டஸ் ஈக்வல் புரோகிரஸ் என்று சேர்த்தால் எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டிக்கொண்டே இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டு ஒன்றேமுக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். 212 ஜிபியில் இன்புட் அவுட்புட் எரர் என்று நின்றது. படிக்க முடியாத செக்டார், அதாவது டிஸ்கின் ஒரு சின்னத் துண்டு.

டிக் டிக் என்று சத்தம் போடுகிற டிஸ்குக்கு டிடி போட்டது என் மடத்தனம். முதலில் செய்திருக்க வேண்டியது ஸ்மார்ட்மான்டூல்ஸ் நிறுவி ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டிப் பார்ப்பது, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்திருப்பதை அது காட்டும், இரண்டு நிமிட வேலை. அதில் ஐந்தாம் எண், ரீஅலோகேட்டட் செக்டார், என்பது டிஸ்க் ஏற்கெனவே கைவிட்டு மாற்று இடம் கொடுத்த செக்டார்கள். 197, பென்டிங் செக்டார், என்பது படிக்க முடியாமல் தள்ளாடிக்கொண்டிருப்பவை. இந்தப் பெட்டியில் முதலாவது 312, இரண்டாவது 88. 199, கேபிள் வழியே தரவு போகும்போது வந்த பிழைகளின் எண்ணிக்கை, அது மட்டும் ஏறிக்கொண்டே போய் மற்றவை பூஜ்யமாக இருந்தால் பெரும்பாலும் டிஸ்க் நன்றாக இருக்கும், கேபிள்தான் கோளாறு. டிஸ்கை யுஎஸ்பி கேபிள் வழியாகப் பார்க்கும்போது ஸ்மார்ட்சிடிஎல் எதையும் காட்டாவிட்டால் மைனஸ் டி சாட் என்று சேர்த்துப் பாருங்கள், பல கேபிள்களில் அப்புறம் காட்டும். டிடிக்கும் பிழை வந்தால் தாண்டிப் போகிற வழி உண்டு, கான்வ் ஈக்வல் நோஎரர் கமா சிங்க். ஆனால் படிக்க முடியாத இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பிவிட்டு எங்கே நிரப்பியது என்று எந்தக் குறிப்பும் வைக்காது. நான் அதைத் தொடுவதில்லை.

டிஸ்கைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன். அம்மாபேட்டை வீட்டில் என் மேசைக் கம்ப்யூட்டரில் யுஎஸ்பி 3 இருக்கிறது, 1 டிபி வெளி டிஸ்கும் இருக்கிறது. இந்த முறை டிடிரெஸ்க்யூ, கெட்டுப்போகிற டிஸ்கிலிருந்து மீட்டெடுக்கவே உள்ள கருவி. டெபியன், உபுண்டு, மின்ட் மூன்றிலும் அதன் பொதியின் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ, கமாண்டின் பெயர் மட்டும் ஜி இல்லாமல், இது தெரியாமல் முதல் தடவை தேடித் தேடிச் சலித்திருக்கிறேன். நேராக எஸ்எஸ்டிக்கு எழுதவில்லை, முழு டிஸ்கையும் வெளி டிஸ்கில் ஒரே பெரிய இமேஜ் கோப்பாக எடுத்தேன். வெளி டிஸ்கின் ஃபைல் சிஸ்டம், அதாவது கோப்புகளை அடுக்கி வைக்கிற முறை, எக்ஸ்ட்4 ஆக இருந்தது நல்லதாயிற்று, ஃபேட்32 என்றால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

டிடிரெஸ்க்யூவின் அருமை அதன் மேப் கோப்பில்தான் இருக்கிறது. எந்தப் பகுதி வந்துவிட்டது, எது வரவில்லை, எதை இன்னும் தொடவே இல்லை என்று ஒரு சின்ன எழுத்துக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும், அதனால் நடுவில் கரண்ட் போனாலும் கேபிள் கழன்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் சுற்று மைனஸ் என் போட்டு ஓட்டினேன், அதாவது நல்ல இடங்களையெல்லாம் வேகமாக அள்ளிக்கொள், முரண்டு பிடிக்கிற இடத்தில் மெனக்கெடாதே. சாகக் கிடக்கிற டிஸ்கில் இதுதான் முறை, கெட்ட செக்டாரைப் போட்டுச் சுரண்டிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் மொத்தமாகப் போய்விட்டால் நல்ல செக்டாரும் போச்சு. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அது முடிந்தது. அதற்குள் தெருமுனைக்குப் போய் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு வந்தேன், கார சட்னி கொஞ்சம் தூக்கல். இரண்டாவது சுற்று மைனஸ் டி, மைனஸ் ஆர் 3, விட்ட இடங்களை மட்டும் மூன்று முறை முயன்று பார். அது விடியற்காலை வரை ஓடியது. எழுந்து பார்த்தபோது மொத்த டிஸ்கில் வராமல் போனது 40 கேபிதான்.

அந்த 40 கேபி எந்தக் கோப்பின் வயிற்றில் இருக்கிறது என்று பார்க்காமல் மேலே போகக் கூடாது. மேப் கோப்பில் கழித்தல் குறி போட்ட வரிகள்தான் கெட்டவை. அந்த இடத்தின் எண்ணிலிருந்து பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரித்த பகுதி) தொடங்கும் எண்ணைக் கழித்து, 4096ஆல் வகுத்தால் எக்ஸ்ட்4 பிளாக் எண் கிடைக்கும். மேப்பில் எண்கள் ஹெக்ஸில், பைட்டில் இருக்கும், பார்ட்டிஷன் தொடக்கம் செக்டாரில் இருக்கும், அதை 512ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும், இதில் நான் ஒரு தடவை தவறிவிட்டு மறுபடி போட்டேன். பிளாக் எண்ணை டிபக்எஃப்எஸ்ஸில் ஐசெக் என்று கேட்டால் ஐநோட் எண், அதாவது கோப்பின் உள் எண், அதை என்செக் என்று கேட்டால் கோப்பின் பெயர். வந்தது ஒரு கல்யாண வீடியோ. யாருடைய கல்யாணம் என்று மாமாவுக்கே நினைவில்லை. இதை இமேஜின் அளவைக் குறைக்கும் முன்பே செய்ய வேண்டும், குறைத்த பிறகு பிளாக்குகள் இடம் மாறிவிடும், கணக்கு ஒட்டாது.

அடுத்தது சுருக்குகிற வேலை. பழைய டிஸ்கில் மூன்று பார்ட்டிஷன்: பூட் தொடங்குகிற இஎஃப்ஐக்கு 512 எம்பி, லினக்ஸும் கோப்புகளும் இருக்கிற ரூட்டுக்கு 495 ஜிபி, கடைசியில் நினைவகம் போதாதபோது உதவுகிற ஸ்வாப் 4 ஜிபி. நடுவில் இருக்கிற பெரியதைச் சுருக்கினால்தான் 480இல் அடங்கும். சுருக்குவது என்றால் ஃபைல் சிஸ்டம் தன் பிளாக்குகளை அள்ளி முன்பக்கம் நகர்த்துவது, அதை நோயாளி டிஸ்கிலேயே செய்யச் சொல்வது முதுகு ஒடிந்தவனை மூட்டை தூக்கச் சொல்வது மாதிரி. இமேஜ் கையில் இருக்கிறதே, அதில் செய்யலாம். லோசெட்அப் கமாண்டுக்கு மைனஸ் பெரிய பி கொடுத்தால் இமேஜ் கோப்பு ஒரு டிஸ்க் போலவே எழுந்து நிற்கும், அதன் பார்ட்டிஷன்கள் தனித்தனியாகத் தெரியும். இ2எஃப்எஸ்சிகே மைனஸ் எஃப் ஓட்டிவிட்டு, ரிசைஸ்2எஃப்எஸ் கொண்டு 200 ஜிபிக்குச் சுருக்கினேன். எஸ்எஸ்டியில் ஜிபார்ட்டெட் வைத்துப் புதிதாக மூன்று பார்ட்டிஷன் போட்டு, இஎஃப்ஐயையும் ரூட்டையும் டிடியால் எழுதினேன். ரூட்டை எழுதும்போது 4 எம் அளவில் 51300 தடவை போதும் என்று கவுன்ட் கொடுத்தேன். 51200 என்பது சரியாக 200 ஜிபி, மீதி 100 மனத் திருப்திக்கு. அரை மணி நேரம். எழுதி முடித்ததும் இன்னொரு முறை எஃப்எஸ்சிகே, அப்புறம் அளவு எதுவும் சொல்லாமல் ரிசைஸ்2எஃப்எஸ், அது பார்ட்டிஷன் முழுக்க விரிந்துகொண்டது. ஸ்வாப்பை நகலெடுப்பதில் அர்த்தமில்லை, எம்கேஸ்வாப் போட்டுப் புதிதாகவே செய்து, அதன் புது யுயுஐடியை, அதாவது அடையாள எண்ணை, எஸ்எஸ்டியில் உள்ள எஃப்எஸ்டேப்பில் (எந்தப் பார்ட்டிஷனை எங்கே மவுன்ட் செய்வது, அதாவது இணைப்பது, என்று எழுதி வைத்த கோப்பு) மாற்றினேன்.

டிஸ்க் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்து, புதியதும் பெரியதாக இருந்திருந்தால் இவ்வளவு சுற்று வேண்டியதில்லை. குளோன்சில்லா போதும். தைவானில் உருவாக்கியது, உள்ளே பார்ட்குளோன் என்ற கருவி, நிரம்பிய பிளாக்குகளை மட்டும் எடுக்கும், 118 ஜிபிக்கு 500 ஜிபி நேரம் காத்திருக்க வேண்டாம். டிடியால் சின்ன டிஸ்கிலிருந்து பெரிய டிஸ்குக்கு முழுதாக நகலெடுத்தால் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கும், ஜிபிடி என்ற பார்ட்டிஷன் பட்டியல் தன் அட்டவணையின் இன்னொரு பிரதியை டிஸ்கின் கடைசியில் வைக்கும், நகலில் அது நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். எஸ்ஜிடிஸ்க் மைனஸ் இ அதைக் கடைசிக்குத் தள்ளிவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏறினேன். எஸ்எஸ்டியை சாட்டா கேபிளில் மாட்டினேன். பழைய ஹார்ட் டிஸ்கையும் அதன் பழைய இடத்திலேயே திருகிவிட்டேன். ஏன் என்று கேட்டால் சொல்ல உருப்படியான காரணம் இல்லை. இருக்கட்டுமே, இன்னொரு பேக்கப் ஆயிற்றே என்று ஒரு எண்ணம். நாலு மணிக்கே பனிமூட்டம் இறங்கி எதிரில் இருக்கிற சில்வர் ஓக் கூடத் தெரியவில்லை, இருட்டுவதற்குள் வளைவுகளைத் தாண்டிவிட வேண்டும், ரோட்டில் காட்டெருமை வேறு நிற்கும். பவர் பட்டனை அழுத்தினேன். 20 வினாடியில் டெஸ்க்டாப். அத்தை டம்ளரில் காப்பி கொண்டுவந்தார், மாமா "என்ன மாப்ள, லைட்டு போட்ட மாதிரி வருது" என்றார். நான் மிதப்பாகக் காப்பியைக் குடித்துவிட்டு இறங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை மழை, பறிப்பு இல்லை, யாரும் பெட்டியைத் திறக்கவில்லை. செவ்வாயிலிருந்து நடந்ததைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ரைட்டர் அண்ணன் மறுபடி கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது. "தம்பி, நாளைக்குக் கூலி கொடுக்கணும். எந்தக் கணக்கைப் பார்த்துக் கொடுக்க?" பட்டறையில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வளைவு ஏறும்போதுதான் அந்த வரி மண்டையில் உறைத்தது: ஒரு நாள் சுறுசுறுப்பு, ஒரு நாள் தூக்கம். சுறுசுறுப்பு எஸ்எஸ்டி. தூக்கம் ஹார்ட் டிஸ்க். பெட்டி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு டிஸ்கிலிருந்து எழுந்துகொண்டிருக்கிறது.

போய் உட்கார்ந்து டெர்மினலில் எல்எஸ்பிஎல்கேயைப் பெயர், மாடல், யுயுஐடி, மவுன்ட் ஆன இடம் எல்லாம் காட்டச் சொல்லி ஓட்டினேன். திரையில் இரண்டு வரி, ஒன்றின் கீழ் ஒன்று, எஸ்டிஏ2, எஸ்டிபி2, இரண்டுக்கும் நேரே எழுத்துக்கு எழுத்து அதே நீளமான யுயுஐடி. ரூட் என்று போட்டிருந்தது ஹார்ட் டிஸ்கின் வரியில்.

யுயுஐடி என்பது டிஸ்கின் உலோகத்தில் பொறித்த எண் இல்லை, ஃபைல் சிஸ்டத்தின் தலைப்புப் பகுதியான சூப்பர்பிளாக்கில் எழுதி வைத்த எண். பைட்டுக்கு பைட் நகலெடுத்தால் அந்த எண்ணும் சேர்ந்து வந்துவிடும். லினக்ஸை எழுப்புகிற கிரப்பும் அதன் கருவான கர்னலும் எஃப்எஸ்டேப்பும் "இந்த யுயுஐடி உள்ளதை ரூட்டாக எடு" என்றுதான் சொல்கின்றன, எந்த டிஸ்க் என்று சொல்வதே இல்லை. அந்தப் பெயருக்கு இரண்டு பேர் கை தூக்கினால் அன்றைக்கு எது முந்துகிறதோ அது. ரைட்டர் அண்ணனிடம் இதை விளக்க எனக்கு அவருடைய செக்ரோலே உதவியது. அதில் ஒரே பெயரில் இரண்டு லட்சுமி இருந்தார்கள், அவர் ஒருவருக்கு 'கீழ்வீடு', இன்னொருவருக்கு 'மேல்வீடு' என்று பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். "அத மாதிரி நீங்களும் எழுதியிருக்கணும் தம்பி" என்றார். ஆமாம்.

எக்ஸ்ட்4 என்பதால் கணக்கு இரண்டாகப் பிரிந்ததோடு போயிற்று. எக்ஸ்எஃப்எஸ் என்றால் அதே யுயுஐடி உள்ள இரண்டாவதை மவுன்ட் செய்யவே மறுத்துவிடும், அது ஒரு விதத்தில் நல்லது. பிடிஆர்எஃப்எஸ் என்றால் இன்னும் ஆபத்து, இரண்டையும் ஒரே ஃபைல் சிஸ்டம் என்று நினைத்துக் குழப்பித் தரவையே கெடுத்துவிடக்கூடும், நகலையும் மூலத்தையும் ஒரே பெட்டியில் சேர்த்து மாட்டவே கூடாது.

இப்போது இரண்டு டிஸ்கிலும் பாதிப் பாதி உண்மை. லைவ் பென்டிரைவில் பூட் செய்தேன். பழையதைப் படிக்க மட்டும், ஜர்னலையும் (ஃபைல் சிஸ்டம் தன் மாற்றங்களைக் குறித்து வைக்கும் இடம்) தொடாமல், அதாவது ஆர்ஓ, நோலோட் என்ற இரண்டு விருப்பங்களோடு மவுன்ட் செய்தேன். புதியதைத் தனியாக ஒரு இடத்தில். இரண்டிலும் மாமாவின் ஹோம் ஃபோல்டருக்குள், முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மாறிய கோப்புகள் எவை என்று ஃபைண்ட் கமாண்டில் நியூவர்எம்டி போட்டுத் தேடினேன். பயந்த அளவுக்கு இல்லை. பிரவுசரின் சில்லறைக் கோப்புகளைத் தள்ளிவிட்டால் செக்ரோல், மிளகு எடை, மழை அளவு, வங்கிக்கு எழுதிய ஒரு கடிதம், இரண்டு போட்டோ. கடிதமும் போட்டோவும் ஒரு பக்கம்தான் இருந்தன, அப்படியே நகல். மற்ற மூன்றும் இரண்டு பக்கமும் மாறியிருந்தன, அதை எந்தக் கருவியும் சேர்த்துத் தராது, விரிதாளை இரண்டு சன்னலில் திறந்து வைத்துக்கொண்டு கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

அங்கேதான் ரைட்டர் அண்ணன் தன் மேசையிலிருந்து நீளமான பேப்பர் செக்ரோலை எடுத்துப் போட்டார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் எடைத் தராசுக்குப் பக்கத்தில் நின்று பென்சிலால் அதில் எழுதிவிட்டுத்தான் இதில் ஏற்றுவார். இரட்டை வேலை எதற்கு என்று நான் கேலி செய்திருக்கிறேன். அவர் வரி வரியாகப் படிக்க நான் சரிபார்த்தேன். செவ்வாய் ஹார்ட் டிஸ்கில், புதன் எஸ்எஸ்டியில், வியாழன் ஹார்ட் டிஸ்கில், வெள்ளி காலையும் ஹார்ட் டிஸ்கில்தான். புதன்கிழமை வரியில் மேல்வீட்டு லட்சுமிக்குப் பேப்பரில் 41 கிலோ, கம்ப்யூட்டரில் 14. அது டிஸ்க் செய்த கோளாறு இல்லை, ஏற்றும்போது எண் புரண்டிருக்கிறது. இந்தக் கூத்து நடக்காமல் இருந்திருந்தால் மறுநாள் அவருக்கு 27 கிலோவுக்கான கூலி கைவிட்டுப் போயிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டோம்.

எல்லாவற்றையும் எஸ்எஸ்டியில் சேர்த்து முடித்து, ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வெளியே வைத்து, பவர் போட்டேன். பூட் செய்ய எதுவும் இல்லை என்றது திரை. இரவு ஒன்பதரை மணி. அப்போதுதான் இன்னொன்று புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் மிதப்பில் பார்த்த அந்த 20 வினாடி பூட்டில்கூட முதல் படி ஏறியது பழைய டிஸ்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலிருந்துதான். மதர்போர்டு தன் நினைவில் வைத்திருக்கும் பூட் பதிவு பார்ட்டிஷனின் சொந்த அடையாள எண்ணைச் சொல்லும். டிஸ்கை முழுசாக நகலெடுத்திருந்தால் அந்த எண்ணும் கூடவே வந்திருக்கும், நான் பார்ட்டிஷனைப் புதிதாகப் போட்டதால் எண்ணும் புதிது, மதர்போர்டுக்கு அதை அடையாளம் தெரியவில்லை. பழைய டிஸ்கைக் கழற்றாமல் சோதித்த சோதனை சோதனையே இல்லை. கழற்றிவிட்டு ஒரு தடவை பூட் செய்து பார்த்திருந்தால் ஞாயிற்றுக்கிழமையே இரண்டு கோளாறும் கையில் சிக்கியிருக்கும்.

சரிசெய்வது பெரிய காரியம் இல்லை. லைவ் பென்டிரைவை யுஇஎஃப்ஐ முறையிலேயே பூட் செய்ய வேண்டும், பழைய பயாஸ் முறையில் எழுந்தால் பூட் பதிவை எழுத முடியாது. எஸ்எஸ்டியின் ரூட்டை மவுன்ட் செய்து, அதற்குள் பூட் இஎஃப்ஐ இடத்தில் இஎஃப்ஐ பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, டெவ், புராக், சிஸ் மூன்றையும், இஎஃப்ஐவார்ஸையும் பைண்ட் செய்து, சிஹெச்ரூட் போட்டு எஸ்எஸ்டியின் லினக்ஸுக்கு உள்ளே போய் கிரப் இன்ஸ்டால், அப்டேட் கிரப். இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் ஓட்டிப் பார்த்தால் புதுப் பதிவு முதலில் நின்றது. ரீபூட் செய்ததும் எழுந்துவிட்டது, ஆனால் அரை நிமிடம் கறுப்புத் திரையில் நின்று யோசித்துவிட்டுத்தான் எழுந்தது. அது பழைய ஸ்வாப்பைத் தேடுகிற அரை நிமிடம். எஃப்எஸ்டேப்பில் மாற்றினேனே தவிர, இனிட்ராம்எஃப்எஸ் டூல்ஸ் ஃபோல்டருக்குள் ரெஸ்யூம் என்ற சின்னக் கோப்பில் பழைய ஸ்வாப்பின் யுயுஐடி உட்கார்ந்திருந்தது. அதையும் மாற்றி அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டியதும் 20 வினாடிக்கு வந்தது. எஸ்எஸ்டிக்குக் காலி இடம் எது என்று அவ்வப்போது சொல்கிற எஃப்எஸ்ட்ரிம் டைமர் ஓடுகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன், ஓடியது. ஃபைண்ட்எம்என்டி போட்டு ரூட் எந்த டிஸ்கில் என்று பார்த்தேன். மூன்று தடவை ஆஃப் செய்து ஆன் செய்து மூன்று தடவையும் பார்த்தேன். மாமா "கரண்ட் பில் ஏறுது மாப்ள" என்றார்.

அதற்குப் பிறகு பட்டறையில் இரண்டு, உறவில் ஒன்று என்று மூன்று டிஸ்க் மாற்றியிருக்கிறேன். மூலத்தைக் கழற்றாமல் முதல் பூட் செய்வதில்லை. இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தே ஆக வேண்டும் என்றால், எது துணையோ அதன் யுயுஐடியை மவுன்ட் செய்யாத நிலையில் டியூன்2எஃப்எஸ் மைனஸ் பெரிய யு ரேண்டம் என்று மாற்றிவிடுகிறேன், அதற்கு முன் ஒரு எஃப்எஸ்சிகே கேட்கும், கொடுத்துவிட வேண்டும். இமேஜ் கோப்பையும் மறக்கக் கூடாது, லோசெட்அப் கொண்டு டிஸ்க் போல ஏற்றினால் அதுவும் அதே பெயரைச் சொல்லிக்கொண்டு கை தூக்கும். மாமாவின் பழைய டிஸ்குக்கு மட்டும் யுயுஐடி மாற்றவில்லை, அதில் இனி ஒரு பைட் எழுதுவதும் பாவம்.

சனிக்கிழமை காலையில் நான் இறங்குவதற்குள் கூலி கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மேல்வீட்டு லட்சுமி அக்கா பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு போனார். பைக்கை உதைக்கும்போது மாமா வாசலுக்கு வந்தார்.

"அந்தப் பல்லி எங்க மாப்ள?"

"துண்டுல சுத்தி பீரோ மேல வெச்சிருக்கேன் மாமா. யாரையும் எடுத்து மாட்டிப் பாக்க வேணாம்னு சொல்லுங்க."